யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறது இந்தப் புத்தகம்?
சமையல் நூல்களும் சேலம் – நாமக்கல் சமவெளியும்

(சேலத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். மேடையில் இடையிடையே சொன்ன துணுக்குகளும் கேள்வி பதில்களும் நீக்கப்பட்டுள்ளன.)



எனக்குப் பிடித்த சமையல் நூல்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பட்டியலை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் இலக்கியம் படிப்பவர்கள் நிறைந்த அவை இது. ஏன் பிடித்தது என்று சொல்லாமல் இறங்கினால் விடமாட்டீர்கள்.

சமையல் நூலைப் பற்றி நம்மிடையே இரண்டு எண்ணங்கள் உண்டு. அது படிக்கிற நூலே இல்லை, எண்ணெய்க் கறையோடு அடுப்படியில் கிடக்கிற சாமான் என்பது ஒன்று. கைப்பக்குவம் உள்ளவர்களுக்குப் புத்தகம் எதற்கு என்பது மற்றொன்று. இரண்டாவதில் உண்மை இருக்கிறது. அம்மாவோ மாமியாரோ அத்தையோ பக்கத்தில் இருப்பவர்களுக்குப் புத்தகம் தேவைப்படுவதில்லை. கேட்க ஆளில்லாதவர்களுக்குத்தான் தேவைப்படுகிறது.

என் வாதம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. எந்தச் சமையல் நூலைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் கேட்பது, இது யாருக்குச் சொல்லிக்கொடுக்க எழுதப்பட்டது என்பதே. அந்நூலின் அளவுகள், நடை, அது சொன்னவை, விட்டவை எல்லாவற்றையும் அதற்கான பதில் முடிவு செய்துவிடுகிறது. இப்படிக் கேட்டுக்கொண்டே சில நூல்களைப் பார்த்தால், இந்தச் சமவெளிக்கு இனி எழுதவேண்டிய நூல் எப்படி இருக்க வேண்டும் என்பதும் புலப்படும். ஆறு பகுதிகளாகச் சொல்கிறேன்.

1. கேட்க ஆளில்லாதவருக்கு எழுதிய நூல்

என் முதல் நூல் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'. முதல் பாகம் 1951-ல் வந்தது. பிறகு வந்த பாகங்களும் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்ந்து, தமிழகத்தைத் தாண்டியும் அதைக் கொண்டுசென்றன. திருமணமாகிப் போகும் பெண்ணின் பெட்டியில் இதையும் வைத்து அனுப்பிய குடும்பங்கள் ஏராளம்.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். சென்னையிலும் தஞ்சாவூரிலும் இருந்த குடும்பங்களின் பிள்ளைகள் வேலைக்காகப் பம்பாய்க்கும் டில்லிக்கும் கல்கத்தாவுக்கும் போகிறார்கள். கூடப்போன இளம்பெண் இரண்டு அறை வீட்டில் தனியாக அடுப்பு மூட்டுகிறாள். வற்றல் குழம்பு ஏன் கசந்தது என்று கேட்டு எழுதினால், பதில் வருவதற்குள் அடுத்த வாரம் வந்துவிடும். மீனாட்சி அம்மாள் மனத்தில் வைத்திருந்தது இந்தப் பெண்ணை. ஆகவே அவர் எதையும் 'தெரிந்திருக்கும்' என்று விடுவதில்லை. சாமான்களை வரிசையாகத் தருகிறார், அளவு தருகிறார், எது முதலில் எது பிறகு என்று சொல்கிறார்.

அவருடைய அளவு ஆழாக்கும் பலமும். எட்டு ஆழாக்கு ஒரு படி. மெட்ரிக் முறை நாட்டுக்கு வந்ததே 1950-களின் பிற்பகுதியில்தான். பிந்தைய பதிப்புகளில் அளவுகளை மாற்ற வேண்டியிருந்தது. அளவு மாறியும் நூல் நிலைத்ததற்கு அதன் நடை காரணம். வகுப்பறையில் பின்வரிசை மாணவிக்கும் கேட்கும்படி நிதானமாகப் பேசும் ஆசிரியரின் நடை அது.

இதில் அசைவத்துக்கு இடமில்லை. ஒரு சமூகத்தின், அதிலும் ஒரு வட்டாரத்தின் சமையல் இது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவர் தமக்குத் தெரிந்த சமையலைத் தமக்குத் தெரிந்த பெண்ணுக்குச் சொன்னார். முதலில் ஊரைவிட்டுப் போனவர்களுக்கு முதலில் புத்தகம் வந்தது. அதைத் தமிழ்ச் சமையல் முழுவதற்கும் புத்தகம் என்று நாம் எடுத்துக்கொண்டதுதான் தவறு.

2. படிப்பவர் ஒருவர், சமைப்பவர் வேறொருவர்

இரண்டாவது நூல் ஆங்கிலத்தில் வந்தது. சென்னை ராணுவத்தில் இருந்த கென்னி-ஹெர்பர்ட், 'வைவர்ன்' என்ற புனைபெயரில் எழுதி 1878-ல் வெளியிட்ட 'கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்'. எழுத்து சுவாரசியமானது, நகைச்சுவை உண்டு, சமையல் ஞானமும் உண்டு. ஆனால் அந்த நூலைப் படிப்பவர் துரைசானி. அடுப்பின் முன் நிற்பவர் 'ராமசாமி'. எல்லா ஊர்ச் சமையல்காரர்களுக்கும் நூலாசிரியர் வைத்த பொதுப்பெயர் அது. யார் சமைக்கிறாரோ அவரால் இந்த நூலைப் படிக்க முடியாது. யார் படிக்கிறாரோ அவர் கரண்டியைத் தொடுவதில்லை. ஆகவே நூல் முழுவதும் மேற்பார்வையின் தொனி. ராமசாமி என்ன தவறு செய்வான், அவனை எப்படித் திருத்துவது என்ற கவலை.

அந்த நூல் வந்த காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. 1871 கணக்கெடுப்பில் இருந்ததைவிட 1881-ல் மாவட்டத்தின் மக்கள்தொகை குறைந்திருந்தது. 1877-ல் பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்டு டெம்பிள் நிவாரண வேலை செய்வோருக்கான தானியத்தை நாளுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் என்று குறைத்தார். அதுவும் ஒரு சமையல் அளவுதான், எழுதியவர் ஒருபோதும் உண்ணாத அளவு.

வைவர்னை நான் விரும்பிப் படிக்கிறேன். வாசகரைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் திறமையான எழுத்தாளரின் கண்ணுக்கும் எதிரில் நிற்கும் ஆள் தெரிவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

3. விருந்தாளிக்கு எழுதிய நூல்

மூன்றாவது வகை, வெளியிலிருந்து வருபவருக்கு நம் பந்தியைக் காட்டும் நூல். தஞ்சை சரபோஜி மன்னர் காலத்து அரண்மனைச் சமையல் மராத்தியில் எழுதிவைக்கப்பட்டு, சரஸ்வதி மகால் நூலகத்தின் வழியாக 'சரபேந்திர பாகசாஸ்திரம்' என்று நமக்குக் கிடைத்திருக்கிறது. அதில் அரசரின் செல்வாக்கு தெரியும். நம் காலத்தில், காரைக்குடி 'பங்களா' விடுதியின் மீனாட்சி மெய்யப்பனும் சுமீத் நாயரும் சேர்ந்து 2014-ல் கொண்டுவந்த 'தி பங்களா டேபிள்' அழகான நூல். செட்டிநாட்டுச் சமையலைக் கவனமாகப் பதிவு செய்தது.

செட்டிநாட்டுக்கு இந்தப் பெயர் கிடைத்ததற்குப் பின்னால் நூல்கள், விடுதிகள், பயணிகள் என்று ஒரு சங்கிலியே இருக்கிறது. இப்படி வட்டார உணவுகள் தேசியப் பந்திக்கு வரும் விதத்தை மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 1988-லேயே ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். ஒரு வட்டாரத்திலிருந்து வெளியாருக்குப் பிடிக்கக்கூடிய சில பண்டங்கள் மட்டும் மேலே போகும். மற்றவை ஊரிலேயே தங்கிவிடும்.

நம்மூரில் இதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. பள்ளிபாளையம் நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. பள்ளிபாளையம் சிக்கன் இன்று சென்னை, பெங்களூரு ஓட்டல் அட்டைகளில் இருக்கிறது. இந்த ஊர்க்காரர்களைக் கேளுங்கள். கோழி, சின்ன வெங்காயம், விதை உதறிய வரமிளகாய், தேங்காய்ச் சில்லு, கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு, எண்ணெய். மசாலாப் பொடி கிடையாது. மிளகாயின் விதையை உதறினால்தான் கை நிறையப் போட முடியும். கை நிறையப் போட்டால்தான் காரம் மிஞ்சாமல் நிறமும் மணமும் ஏறும். தேங்காயை அரைக்காமல் சில்லாகப் போடுவது கோழியின் சாற்றை அது உறிஞ்சிக்கொள்ளட்டும் என்று. தக்காளியும் கரம் மசாலாவும் கொட்டிச் செய்து அதே பெயரில் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். விருந்தாளிக்காக எழுதும்போது பெயர் போய்ச்சேரும், காரணம் பின்தங்கிவிடும்.

இங்கே ஒருவரை நன்றியோடு குறிப்பிட வேண்டும். 2012-ல் இளம்வயதில் மறைந்த சமையற்கலைஞர் ஜேக்கப் சகாயகுமார் அருணி. தேனிப் பக்கத்துக்காரரான அவர் கொங்குக் கிராமங்களுக்குப் போய்ப் பெரியவர்களிடம் கேட்டு, இந்தச் சமையலைத் தொலைக்காட்சிக்கும் உணவகத்துக்கும் கொண்டுபோனார். கொங்கு என்றாலே கோவையும் பொள்ளாச்சியும் என்று நினைத்துக்கொண்டிருந்த எங்களைப் போன்றவர்களை அடுத்த ஊர்களையும் தேட வைத்தது அவர் முயற்சி. இருந்தும், கொங்குச் சமையல் என்ற பெயரில் நான் பார்த்த நூல்களில் காவிரிக்குக் கிழக்கே உள்ள இந்தச் சமவெளிக்குக் கிடைத்த பக்கங்கள் குறைவு.

4. நம் விளைச்சல், அடுத்தவர் புத்தகம்

இந்தச் சமவெளி நூல்களில் இல்லவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மராத்திச் சமையல் நூல்களைத் திறந்து பாருங்கள். 1943-ல் வந்த அம்பாபாய் சம்சியின் 'ரசசந்திரிகா', 1970-ல் வந்த கமலாபாய் ஓகலேயின் 'ருசிரா' என்று அவர்களுக்கு வலுவான மரபு உண்டு. அந்த மரபில் விரத நாட்களின் ஜவ்வரிசிக் கிச்சடிக்கு நிலையான இடம் இருக்கிறது. எவ்வளவு தண்ணீரில் எத்தனை மணி நேரம் ஊறவைத்தால் ஒன்றோடொன்று ஒட்டாமல் வரும், வறுத்த நிலக்கடலைப் பொடியை எப்போது சேர்ப்பது என்று அங்கே வீட்டுக்கு வீடு வாதம் நடக்கும்.

அந்த ஜவ்வரிசி பெரும்பாலும் நம்முடையது. இரண்டாம் உலகப் போரில் கீழ்த்திசை நாடுகளிலிருந்து வரத்து நின்றுபோக, 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி தயாரிக்கத் தொடங்கினார்கள். 1981-ல் 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கம் ஆலை முற்றங்களில் வெள்ளை வெளேரென்று காய்வதைப் பார்க்காதவர்கள் இந்த அவையில் இருக்க மாட்டார்கள். நம் வீடுகளில் அது பாயசத்துக்கும் வடகத்துக்கும் போகிறது. மரவள்ளியை, அதாவது நம் குச்சிக்கிழங்கை, வேகவைத்துத் தின்கிறோம், சிப்ஸ் போடுகிறோம். அதற்கு மேல் எழுதிவைத்தவர் யார்?

முட்டைக்கும் இதே கதைதான். முட்டை விலை நாமக்கல் விலை என்று நாளிதழில் தினமும் வருகிறது. நாமக்கல் முட்டையைப் பற்றி ஒரு சமையல் நூல் என் கண்ணில் படவில்லை. ஆனால் இந்த மாநிலத்தில் அதிகமான அடுப்புகளை எட்டிய முட்டைக் குறிப்பு அரசாங்கத்தினுடையது. 1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் 1989-ல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. ஜெயலலிதா ஆட்சியில் 2013-ல் கலவைச் சாதங்களும் மசாலா முட்டையும் அறிமுகமாயின. தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு 100 கிராம் அரிசி என்று தொடங்கும் அந்தப் பட்டியலை யாரும் இலக்கியமாகக் கருதுவதில்லை. என் கேள்விக்கு அது ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்கிறது. சமைப்பவர் யார், உண்பவர் யார் என்று அதற்குத் தெரியும். அந்த வகையில் அது வைவர்னைவிட நேர்மையான நூல்.

5. பெருமைக்கு உதவாத சோறு

பிரிட்டிஷ் அதிகாரிகளான லெ ஃபானு 1883-லும் ரிச்சர்ட்ஸ் 1918-லும் வெளியிட்ட சேலம் மாவட்டக் கையேடுகளைப் புரட்டினால், கேழ்வரகும் கம்பும் சோளமும்தான் இந்த மண்ணின் அன்றாடச் சாப்பாடு என்பது விளங்கும். நெல்லுச்சோறு பண்டிகைக்கு. ஆனால் அச்சேறிய சமையல் நூல்கள் நெடுங்காலம் பண்டிகைப் பக்கமே நின்றன. அடுத்தவருக்குக் காட்டப் பெருமையான சோறே எழுத்தில் ஏறியது.

கம்மஞ்சோறு ஆக்குவதை ஒருமுறை முழுதாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசிறி வைக்க வேண்டும். ஈரம் உள்ளே இறங்காமல் தோலை மட்டும் நனைக்க வேண்டும். உரலில் போட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து உமியைத் தள்ள வேண்டும். மறுபடியும் குத்தி, சலித்து, மாவையும் கப்பி என்னும் குருணையையும் பிரிக்க வேண்டும். உலை கொதித்ததும் முதலில் கப்பி. அது முக்கால் வேக்காடு வந்த பிறகு மாவு. கட்டி விழாமல் துடுப்பால் கிண்டி, மூடி, தணலில் புழுங்க விட வேண்டும். ஆறியதும் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டால் மறுநாள் கரைத்துக் குடிக்கலாம். மோரும் சின்ன வெங்காயமும் போதும்.

இதில் எத்தனை வேலை இருக்கிறது பாருங்கள். அத்தனையும் பெண்களின் தோளில் விழுந்த வேலை. ரேஷன் அரிசி வந்ததும் அவர்கள் உலக்கையை மூலையில் சாத்தினார்கள் என்றால் அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையிலும் இதுதான் நடந்தது. சாமையும் தினையும் விளைந்த காடுகளில் மரவள்ளி ஏறியது, கீழே ஜவ்வரிசி ஆலைகள் காசு கொடுத்து வாங்கிக்கொண்டன. சாமையைக் குத்தி எடுக்கும் பாடும் அதைக் கைவிட ஒரு காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே சிறுதானியப் பணியில் இறங்கியபோது, விதையோடு சேர்த்து உமி நீக்கும் எந்திரத்தையும் ஊருக்குள் கொண்டுபோக வேண்டியிருந்தது. சிறுதானியத்தின் மகிமையை மட்டும் பாடி, குத்துகிறவரின் தோள்வலியை விட்டுவிடும் இன்றைய பளபளப்பான நூல்களை நான் நம்புவதில்லை.

இந்த இடத்தில் எனக்கு வழிகாட்டும் நூல் மராத்தியில் ஷாஹூ பட்டோலே 2015-ல் எழுதிய 'அன்ன ஹே அபூர்ணபிரம்ம'. மராத்வாடாவின் தலித் அடுப்பங்கரைகளைப் பற்றியது. எண்ணெயும் நெய்யும் இல்லாத வீட்டில் எப்படிச் சமைத்தார்கள், எந்த உறுப்பை எப்படிப் பதப்படுத்தினார்கள் என்று வெட்கமும் இல்லாமல் வீறாப்பும் இல்லாமல் சொல்கிறது. 2024-ல் ஆங்கிலத்துக்கும் வந்துவிட்டது.

நம்மிடம் இதற்கு நிகரான சமையல் நூல் எதையும் நான் பார்த்ததில்லை. புனைகதையும் அகராதியும் அந்த வேலையில் கொஞ்சத்தைச் செய்திருக்கின்றன. பெருமாள்முருகனின் 'கூள மாதாரி' நாவலில் பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் பிள்ளைகளின் பசியும் சோறும் வருகின்றன. 2000-ல் வெளிவந்த அவருடைய 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி'யை என் சமையல் நூல் அடுக்கில்தான் வைத்திருக்கிறேன். பாத்திரம், பண்டம், பக்குவம் பற்றிய பேச்சை அது காப்பாற்றி வைத்திருக்கிறது. அளவையும் முறையையும் சேர்க்கும் வேலை நமக்கு மிச்சம் இருக்கிறது.

6. இனி எழுத வேண்டிய நூல்

அப்படியானால் நம் நூலின் வாசகர் யார்? பத்து மைல் சுற்றுவட்டாரத்தில் பெண் கொடுத்துப் பெண் எடுத்த காலத்தில் இந்தச் சமவெளிக்குச் சமையல் நூல் தேவைப்படவில்லை. அந்தக் காலம் போய்விட்டது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு போட இந்தியா முழுக்கப் போகின்றன. ஆட்கள் மாதக்கணக்கில் வெளியூரில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். நாமக்கல், சங்ககிரி லாரி ஓட்டுநர்கள் வண்டியோரம் அடுப்பு வைக்கிறார்கள். நம் பெண்கள் பெங்களூரிலும் டொராண்டோவிலும் வேலை பார்க்கிறார்கள். கேட்க ஆளில்லாதவர்கள் இப்போது நம் வீட்டுப் பிள்ளைகள். காணொளிகள் இருக்கின்றனவே என்பீர்கள். பார்த்து ரசிக்கிறேன். கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. பத்துக் கிடாய் வெட்டிச் சமைப்பதைப் பார்த்து இரண்டு பேருக்கு எப்படி ஆக்குவது?

இந்த நூலுக்கு நான் மூன்று விதிகள் சொல்வேன்.

ஒன்று, காரணத்தோடு எழுத வேண்டும். அரிசிம்பருப்புச் சோற்றை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, வரமிளகாய் தாளித்து, அரிசியும் துவரம்பருப்பும் போட்டு வேகவைப்பது என்று எல்லாரும் எழுதிவிடுவார்கள். மூன்றரை பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பா, நான்குக்கு ஒன்றா என்பது வீட்டுக்கு வீடு மாறும். பழைய அரிசி கூடுதல் தண்ணீர் குடிக்கும், புது அரிசி குழையும். டில்லியில் கடையில் கிடைக்கும் அரிசிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே என்ன செய்வது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது சொல்லிக்கொடுப்பது.

இரண்டு, ஆக்கியவர் பெயரையும் ஊரையும் அவர் அனுமதியோடு போட வேண்டும். எந்தச் சாதி வீட்டு அடுப்பு, மழை பெய்த வருஷத்துச் சோறா பொய்த்த வருஷத்துச் சோறா என்பதும் இருக்க வேண்டும். மேட்டூர் வாய்க்கால் பாசனத்துச் சமையலும் மானாவாரிக் காட்டுச் சமையலும் ஒன்றல்ல. சேலத்துத் தட்டுவடை செட்டு போடும் தள்ளுவண்டிக்காரர் பச்சைச் சட்னிக்கும் சிவப்புச் சட்னிக்கும் என்ன கணக்கு வைத்திருக்கிறார் என்பதும் இதில் சேரும்.

மூன்று, வாசகர் திருத்துவதற்கு இடம் கொடுக்க வேண்டும். இத்தாலியில் பெல்லெக்ரினோ அர்ட்டூசி 1891-ல் சொந்தச் செலவில் ஒரு சமையல் நூல் அச்சிட்டார். முதலில் 475 குறிப்புகள். படித்த பெண்கள் கடிதம் எழுதினார்கள், எங்கள் ஊரில் இப்படி என்றார்கள். அவர் செய்து பார்த்துச் சேர்த்துக்கொண்டே போனார். பதினான்காம் பதிப்பில் 790. ஒரு தனிமனிதர் எழுதிய நூல் இருபது ஆண்டுகளில் ஊர் கூடி எழுதிய நூலாயிற்று.

மாணவர்களே, இந்த வேலைக்குப் பெரிய நிதி தேவையில்லை. ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பண்டம். சமைக்கும்போது கூடவே நின்று, அவர் கையில் எடுக்கும் ஒவ்வொன்றையும் தராசில் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை, சமைக்கத் தெரியாத நண்பனிடம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். அவன் திணறும் இடத்தில்தான் உங்கள் வாக்கியத்தைத் திருத்த வேண்டும். தொகுத்து அச்சிடும்போது ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே நான்கு விரல் இடம் வெறுமையாக விடுங்கள். கடைசிப் பக்கத்தில் கல்லூரி முகவரியைப் போடுங்கள். 'எங்க ஊட்ல இப்படிச் செய்யறதில்லீங்க' என்று எழுதிய முதல் கடிதம் வந்த நாளில் இரண்டாம் பதிப்பு வேலையைத் தொடங்கிவிடலாம்.